அஞ்சரை லட்சம் பேரும் ஒரு கஃபீலும்

என் கஃபீல் என் மனைவி.

சிரிக்காதீர்கள். அரபு நாட்டில் ஒருவன் குடியிருக்க வேண்டுமென்றால், அவனுக்குப் பொறுப்பேற்று விசா எடுத்துத் தர ஒருவர் வேண்டும். அவர்தான் கஃபீல். இருபத்தொன்பது வருஷம் எனக்குக் கஃபீலாக இருந்தது அபுதாபிப் பக்கம் ருவைஸில் ஒரு எண்ணெய்க் கம்பெனி. நான் வால்வைத் திருகாவிட்டால் அங்கே எண்ணெய் நகராது. உலகத்துக் கார்களில் பாதி என் கையால்தான் ஓடின என்றால் கொஞ்சம் மிகை. கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயது முடிந்ததும் ஒரு கேக், ஒரு கைக்கடிகாரம், கலாஸ், முடிந்தது கதை. மறுநாள் பெட்டியோடு ஷார்ஜாவுக்கு வந்து, முவைலாவில் எப்சிபாவின் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் இறங்கினேன். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் சம்பளத்தில், அவள் எடுத்துத் தந்த விசாவில் நான் ஓய்வு பெற்ற ராஜாவானேன்.

என் பாஸ்போர்ட் அவள் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. "முதலாளி பாஸ்போர்ட்டப் பிடிச்சு வெச்சுக்கிடது இங்க சட்டப்படி குத்தம், தெரியும்லா?" என்று மாதம் ஒருமுறை எச்சரிப்பேன். "லேபர் கோர்ட்டுக்குப் போங்க" என்பாள்.

நான் குளச்சல் கத்தோலிக்கன், அவள் மார்த்தாண்டம் சி.எஸ்.ஐ. எங்கள் கல்யாணத்துக்குப் பதினெட்டுப் பாதிரியார்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். எப்சிபாவைக் கேட்டால் இரண்டு பேர் என்பாள். அவள் வேலை அதுதான். நான் ஒரு எண்ணைச் சொல்வேன், அவள் அதை வெட்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவாள். முப்பது வருஷமாக நாங்கள் இப்படித்தான் உலகத்துக்கு உண்மை சொல்லி வந்தோம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகும் விமானத்தில், பக்கத்து இருக்கைக்காரன் பெல்ட்டை மாட்டுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பான்: "லீவா, கேன்சலா?" லீவு என்றால் திரும்பி வருகிறவன். கேன்சல் என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போகிறவன். நான் ஒருமுறைகூட வெறுமனே 'லீவு' என்று சொன்னதில்லை. "மேனேஜரு கண்ணு கலங்கிட்டான், நீ இல்லாம பிளான்ட்ட எப்படி ஓட்டுவேன்னு. அதான் முப்பது நாளோட நிறுத்திக்கிட்டேன்" என்று தொடங்கினால் திருவனந்தபுரத்தில் சக்கரம் தரையைத் தொடும்வரை பேசுவேன். இறங்கும்போது அந்த மனிதனுக்கு என் ரத்த வகைகூடத் தெரிந்திருக்கும்.

இந்த வாய்தான் அயர்லாந்தைக் கெடுத்தது என்று எப்சிபா சொல்வாள். நாலு வருஷம் முன்பு, நான் இன்னும் ருவைஸில் இருந்தபோது, அவளுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்கு ஏஜென்சி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. ஒரு தேர்வு எழுத வேண்டும், அவ்வளவுதான். "யாரிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. லிஃப்டில் வந்த இரண்டு பேரிடம், சர்ச்சில் ஒரு வரிசையிடம், ருவைஸ் மெஸ்ஸில் ஒரு மேசையிடம் மட்டும் சொன்னேன். அதிலும் நர்ஸ் என்றா சொன்னேன்? அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இவள்தான் தலைமை என்றேன். மூன்று நாளில் அவள் மேலதிகாரிக்குச் செய்தி போய்விட்டது. வார்டு இன்சார்ஜ் பொறுப்பைப் பிடுங்கினார்கள். தேர்வு நாளுக்கு லீவும் கிடைக்கவில்லை. நான் சிரித்து மழுப்பினேன். "அயர்லாந்துல மழ ஜாஸ்தி, பிள்ள. உனக்குச் சளி பிடிக்கும்" என்றேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

இந்த வருஷம் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு வினாடி வினா நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. வராமல் எங்கே போகும்? ருவைஸில் இருந்தபோதும் லீவு போட்டு வந்து, ஆறு வருஷமாக நான்தான் நடத்துகிறேன். தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தபோது எப்சிபா டூட்டி முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"மால்டான்னு ஒரு குட்டி நாடு இருக்குல்லா. அதப் பத்தி வைங்களேன். மக்கள்தொக, மொழி, மதம் அப்படி."

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக என் விஷயத்தில் அவளுக்கு அக்கறை! அன்றே கணினியைத் திறந்தேன். இரண்டு மாதம் மால்டாவைத் தவிர வேறு நினைப்பில்லை. மால்டாக்காரன் ஒருவன் தன் நாட்டைப் பற்றி அவ்வளவு படித்திருந்தால் அவனுக்குச் சிலை வைத்திருப்பார்கள். சாப்பாட்டு வேளையில் அவள் கேட்பாள், நான் சொல்வேன்.

"மொத்தம் எத்தன பேரு?"

"இருபது லட்சம்."

"இஞ்சேருங்க. உள்ளதச் சொல்லுங்க."

"அஞ்சரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மூணுல ஒரு பங்குகூட வராது பாத்துக்க. அம்புட்டுச் சின்னத் தீவு. கால நீட்டிப் படுத்தா பாதம் இத்தாலியில போய் நிக்கும்."

"அதுல வெளிநாட்டுக்காரங்க?"

"நாலுல ஒருத்தருக்கு மேல. இத்தாலிக்காரன், வெள்ளக்காரன், பிலிப்பைனி, நம்ம ஆளு. நம்ம ஆளு இல்லாத எடம் ஏது? நிலாவுல போய்ப் பாத்தாலும் ஒரு தக்கலக்காரன் டீக்கட போட்டிருப்பான்."

"மொழி?"

"மால்ட்டீசும் இங்கிலீசும். இத்தாலியனும் நெறயப் பேருக்குத் தெரியும். இந்த மால்ட்டீஸ் இருக்கே, அதுக்கு வேரு அரபியாக்கும். ஆனா ஏ பி சி டி எழுத்துல எழுதுவான். ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுததுகூட வாஹித், இத்னேன், தலாத்தா, கிட்டத்தட்ட அப்படியேதான். நம்ம சைட் அரபிய வெச்சே அந்த ஊர ஆண்டுடலாம்."

இங்கேதான் நான் செய்த தப்பு. சைட் அரபி என்பது அரபியே அல்ல. வங்காளியும் பாகிஸ்தான் பட்டாணியும் நாமும் ஃபோர்மேனைச் சமாளிக்க ஒருவருக்கொருவர் பிசைந்து வைத்த ஒரு கலவைச் சோறு. 'இன்த்த ரூஹ், அன மாஃபி மாலூம்' என்றால் நீ போ, எனக்குத் தெரியாது என்று அர்த்தம். எந்த அரபியும் தன் வீட்டில் அப்படிப் பேச மாட்டான். ஆனால் நான் இருபத்தொன்பது வருஷம் அதையே அரபி என்று நம்பினவன். எப்சிபாவுக்குத் தினம் ஐந்து வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஆஸ்பத்திரி டைரியில் எழுதிக்கொண்டாள்.

"மதம்?"

"நூத்துக்கு எண்பது பேருக்கு மேல நம்ம கத்தோலிக்கம். அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கான். மிச்சத்துல முஸ்லிம், ஆர்த்தடாக்ஸ், கொஞ்சம் இந்து. ஆனா பாரு, கத்தோலிக்கனே கடவுள 'அல்லா'ன்னுதான் கூப்பிடுவான். தவக்காலத்துக்குப் பேரு ராந்தான், நம்ம ரமதான் மாதிரியே. கோயிலு முன்னூத்தி அறுபத்தாறு."

"முன்னூத்தி அறுபத்தஞ்சுன்னுல்லா நேத்து சொன்னிய?"

"லீப் வருசத்துக்கு ஒண்ணு சேத்துக் கெட்டிட்டான்."

அவள் பேனாவை நிறுத்தினாள். "எங்க சபை இருக்கா அங்க?"

"ஆங்கிலிக்கன் உண்டு. நூத்துக்கு ஒருத்தர் இருப்பாரு."

"ஒண்ணு போதும்" என்றாள்.

நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, இத்தனை நாளுக்குப் பிறகு இவளுக்கும் நகைச்சுவை வந்துவிட்டதே என்று மகிழ்ந்தேன். கேள்விகள் வெளியே கசிந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை. "எதுக்கு எழுதி வெக்குத? சுபிஷா டீமுக்குச் சொல்லிக் குடுத்திராத" என்று கண்டித்தேன். சுபிஷா அவளோடு வேலை செய்யும் பெண், போட்டியில் பெயர் கொடுத்திருந்தாள். "ஒரு ஆளுக்கும் சொல்ல மாட்டேன்" என்று எப்சிபா சத்தியம் செய்தாள். எவ்வளவு உண்மையான சத்தியம்!

விழாவுக்கு முந்தின வாரம் என் எமிரேட்ஸ் அடையாள அட்டையைக் கேட்டாள். "ரினியூ பண்ணணும், சித்தீக் பாய்ட்ட குடுக்கேன்" என்றாள். முவைலாவில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் காயல்பட்டினத்துக்காரர் முகம்மது சித்தீக். விசா மனு எல்லாம் அவர்தான் அடித்துக் கொடுப்பார். நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததோடு, "எங்க கஃபீலு மாதிரி உண்டா" என்று அவள் தலையில் ஒரு தட்டும் தட்டினேன்.

சனிக்கிழமை மாலை விழா. சர்ச் வளாக மண்டபத்தில் இரண்டாயிரம் பேர். எப்சிபா பக்கத்தில் இல்லாததால் நானே குறைத்துக்கொள்கிறேன்: இருநூறு. நான் வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. மேடையில் எனக்கொரு மேசை, மைக், நேரம் பார்க்க என் ஃபோன். மூன்றாவது வரிசையில் எப்சிபா. அவளுக்குப் பக்கத்தில் ஜான் பீட்டர். அவன் ருவைஸில் பதினாறு வருஷம் என் அறைக்காரன். என் மேல்கட்டிலில் படுத்து என் கதைகளையெல்லாம் கேட்டு வளர்ந்தவன். விழாவுக்கு எங்களைத் தன் காரில் கூட்டி வந்தவனும் அவன்தான்.

"முதல் கேள்வி! மால்டா நாட்டின் ஆட்சி மொழிகள் எவை?"

மணி அடித்தார்கள், சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நான் மால்டா என்று சொல்லும்போதெல்லாம் கூட்டம் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்துப் புன்னகை செய்தது. கேள்விகளின் தரத்தைக் கண்டு, இப்படிப்பட்ட புருஷனைப் பெற்றவளைப் பாராட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

நாலாவது கேள்வியில் ஃபோன் அதிர்ந்தது. குறுஞ்செய்தி. உங்கள் குடியிருப்பு விசாவை ரத்து செய்யும் விண்ணப்பம் பெறப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. என் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் இருந்தன. இந்த மாதிரி ஏமாற்றுச் செய்தி வாரத்துக்கு நாலு வரும். நான் விடுவேனா? மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு சின்ன இடைவேளை. எவனோ ஒரு திருடன் எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கான். என் விசாவக் கேன்சல் பண்ணப் போறானாம்! அட மண்டப்பயலே, என் கஃபீலு யாருன்னு தெரியுமாடே உனக்கு? அந்தா மூணாவது வரிசையில இருக்காடே, முடிஞ்சா வந்து கேட்டுப் பாரு!"

சிரிப்புக்காகக் காத்திருந்தேன். என் நகைச்சுவைக்கு எப்போதும் ஒரு நொடி இடைவெளி விட்டுத்தான் சிரிப்பு வரும்.

வரவில்லை.

இருநூறு பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுபிஷா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஜான் பீட்டர் மேலே மின்விசிறியைப் பார்த்தான். எப்சிபா மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்தபோதுதான் மண்டபத்தில் விஷயம் தெரியாத ஒரே ஆள் மேடையில் நிற்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

நான் ஐந்தாவது கேள்வியைக் கேட்டேன். ஆறையும் கேட்டேன். பத்துவரை கேட்டு முடித்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரில் ஜான் பீட்டர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஓய், நான் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"பொங்கலுக்கு."

"பொங்கலு முடிஞ்சு மூணு மாசமாச்சுடே!"

"அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க ஓய். நான் என்ன செய்ய?"

"பதினாறு வருசம் என் மீன் கொழம்பத் தின்னவன்டே நீ!"

"மீன் கொழம்பு வெச்சது நானாக்கும்" என்றான் அவன். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதா?

எப்சிபா பின் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும், "இன்னைக்குத்தான் மனு போட்டாரு, மெசேஜ் வர ரெண்டு நாளாகும்னு சித்தீக் பாய் சொன்னாரு" என்றாள். "இன்னைக்கு விழா முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னத்த?"

"மால்டாவுல முதியோர் இல்லத்துல நர்ஸ் வேல கெடச்சிருக்கு. ரெண்டு வருச காண்ட்ராக்ட். இந்த மாசக் கடைசியோட இங்க டூட்டி முடியுது. என் விசாவ முடிக்கணும்னா அதுக்கு முன்ன உங்க விசாவ முடிக்கணும். அதான் சட்டம்."

"இண்டர்வியூ?"

"போன மாசம். டூட்டி ரூம்ல இருந்து வீடியோவுல."

"என்ன கேட்டாங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நாட்டப் பத்தி என்ன தெரியும்னு கேட்டாங்க. மக்கள்தொக, மொழி, மதம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதம் தட்டில் சோறு ஆற ஆற அந்தப் பதில்களை ஊட்டினேனே!

"நீங்க சொல்லித் தந்ததத்தான் சொன்னேன். எண்ணிக்கைய மட்டும் சரி பாத்துக்கிட்டேன்" என்றாள். "மொழி ஏதாவது தெரியுமான்னு அந்த அம்மா கேட்டாங்க. 'அன மாஃபி மாலூம்'னேன். அவங்களுக்குப் பாதி புரிஞ்சுட்டுது. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதுலதான் வேல கெடச்சுதுன்னு நெனக்கேன்."

"விஜினுக்குத் தெரியுமா?" விஜின் எங்கள் மகன், பெங்களூரில் இருக்கிறான்.

"பயோடேட்டாவ அவன்தான் அடிச்சான்."

"ஃபாதருக்கு?"

"நன்னடத்தச் சான்றிதழ் குடுத்தாரு."

"சங்கத்துல?"

"தலைப்பு மால்டான்னு நீங்க சொன்னப்ப ஒருத்தரும் மறுப்பு சொல்லலல்லா? அப்பமே யோசிச்சிருக்கணும் நீங்க."

என் வாழ்க்கையில் நான் சந்தித்த அத்தனை பேரிடமும் அத்தனை கதையும் சொல்லியிருக்கிறேன். ஒரு ரகசியத்தை மூன்று நாள் தாங்காத வாய் என்னுடையது. அந்த இருநூறு பேரில் ஒருவர், ஒரே ஒருவர், லிஃப்டிலாவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் எல்லோருக்கும் சொன்னேனே! மனிதர்கள் இவ்வளவு நன்றாக வாயை மூடிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"ஏன் எப்சி?" என்றேன்.

"அயர்லாந்து" என்றாள். அப்புறம், "என் வாழ்க்கைல நடக்குத ஒரு காரியத்த, ஒருதடவயாவது முதல்ல நான் என் வாயால சொல்லணும்னு இருந்துது. எல்லாத்தையும் நீங்க சொல்லி, நான் பின்னால வந்து திருத்திக்கிட்டே இருக்கேன். முப்பது வருசமா திருத்துகேன்."

எனக்குச் சொல்ல ஒன்றும் வராதது முதல்முறை என்பதால் அவளும் கொஞ்சம் பயந்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கேட்டேன். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"என்னப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. கூட யாராவது வருவாங்களான்னு."

"என்ன சொன்ன?"

அவள் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"யாரும் இல்லன்னேன்."

"இப்ப யாரும் இல்லன்னா, எப்பவும் யாரும் இல்லன்னா?"

"அவங்க அப்படிப் பிரிச்சுக் கேக்கல" என்றாள். அவளும் பிரித்துச் சொல்லவில்லை.

மால்டாவின் மக்கள்தொகையை நான் இருபது லட்சம்வரை ஏற்றியிருக்கிறேன். கேட்டால் ஐம்பது லட்சமாக்கவும் தயங்கமாட்டேன். அந்தத் தீவுக்குள் பதினாலரை லட்சம் இல்லாத மனிதர்களை ஒரு சாப்பாட்டு நேரத்தில் குடியேற்றினவன் நான். என் பெண்டாட்டி அவர்களிடம் உண்மை பேசினாள். அந்தக் கணக்கில், நிஜமாகவே இருக்கிற மனிதன் ஒருவன் குறைந்தான்.

பதினோராம் நாள் எனக்கு விமானம். ஜான் பீட்டர்தான் ஷார்ஜா விமான நிலையத்துக்கு ஓட்டினான். வழியெல்லாம் என்னைப் பேசவைக்கப் பார்த்தான். "ஓய், ருவைஸ்ல அந்த ஒட்டகத்த மெஸ்ஸுக்குள்ள கெட்டிப்போட்டியளே, அந்தக் கதயச் சொல்லும்" என்றான். ஒட்டகம் இல்லை, ஆடுதான் என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்ததில் கார் கொஞ்சம் ஆடிற்று.

நுழைவாசலில் எப்சிபா கைப்பையிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். சேலை வாசனை அடித்தது. மாத்திரைப் பொட்டலத்தையும் கொடுத்து, காலை எது, மாலை எது என்று அட்டையில் எழுதியிருந்ததைக் காட்டினாள்.

"ஊர்ல கேட்டா என்ன சொல்லுவிய?" என்றாள்.

"என் பொண்டாட்டி மால்டாவுக்கு மகாராணியாப் போயிருக்கான்னு சொல்லுவேன்."

"நர்சுன்னு சொல்லுங்க. போதும்."

"எப்பக் கூப்பிடுவ?"

"ஞாயித்துக்கெழம ஃபோன் பண்ணுகேன்" என்றாள். நான் கேட்டது ஃபோனைப் பற்றி இல்லை. அது அவளுக்கும் தெரியும். அவள் முகத்தை நான் பார்த்தேன், அவள் மாத்திரைப் பொட்டலத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற குடும்பம் ஒன்று தள்ளுவண்டியோடு முட்டியது. நான் உள்ளே போனேன்.

ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ரகுநாதன் என்றார், அஜ்மானில் ஏ.சி. மெக்கானிக். உட்கார்ந்தார், பையைக் காலடியில் தள்ளினார். பெல்ட்டைக் கையில் எடுத்தார். நான் காத்திருந்தேன்.

"லீவா, கேன்சலா அண்ணாச்சி?"

"கேன்சல்" என்றேன்.

அவர் மேலே எதையோ எதிர்பார்த்தார். கேன்சலில் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். நான் பெல்ட்டை மாட்டினேன்.

"குடும்பம் ஊர்லயா?"

"எங்க வீட்டுல மால்டாவுக்குப் போறா. நர்சு."

"மால்டாவா! அது எங்க இருக்கு? பெரிய நாடா?"

எனக்குள் இரண்டு மாதம் சேர்த்துவைத்த தீவு முழுவதும் எழுந்து நின்றது. முன்னூற்று அறுபத்தாறு கோயில், அரபியில் எண்ணுகிற கத்தோலிக்கர்கள், இத்தாலிவரை நீளும் கால்கள். திருவனந்தபுரம்வரை நாலு மணி நேரம் இருந்தது. ரகுநாதன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன நாடு" என்றேன். "அஞ்சரை லட்சம் பேரு இருக்கான். எடம் இல்ல."